பெங்களூரிலிருந்து திம்பம் வழியாகச் சத்தி: முதன்முறை ஓட்டுகிறவர்களுக்கு

பெங்களூரிலிருந்து கோவைப் பக்கம் ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று அகலச் சாலையைத்தான் பிடிப்பார்கள். அவசரமென்றால் அதுவே சரி. பகல் முழுக்கக் கையில் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை 948-ல் போய்ப் பாருங்கள். கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், சாம்ராஜ்நகர், ஆசனூர், திம்பம், பண்ணாரி, சத்தியமங்கலம் (சத்தி), கோவை என்று வருகிற பாதை. பழைய வரைபடங்களில் இது 209. கோவை வரை சுமார் 320 கிலோமீட்டர். சேலம் வழியைவிடத் தூரம் குறைவு. நேரம் மட்டும் குறையாது. கரும்பு வயல், காவிரி, பட்டு ஊர், மூங்கில் காடு, 27 கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஒரே நாளில் வரும் சாலையில் நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கவும் கூடாது.

இந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் கோவைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். சாம்ராஜ்நகரைத் தாண்டியதும் தொடங்கி பண்ணாரியில் முடிகிற சுமார் 65 கிலோமீட்டர் காட்டை எந்த நேரத்தில் கடக்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி. அதை முடிவு செய்துவிட்டால் மற்ற நேரமெல்லாம் தானாக அமைந்துவிடும்.

நேரக் கணக்கு

திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. லாரி போன்ற சரக்கு வாகனங்களுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை. கார், பைக் போன்றவற்றுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. உள்ளூர்க்காரர்களுக்கு விலக்கு உண்டு, நமக்கு இல்லை. நேரமும் விதியும் மாறக்கூடியவை என்பதால் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

9 மணி வரை விடுகிறார்களே என்று இருட்டில் ஏறக் கூடாது. மாலை 6 மணிக்கு முன்னால் மலையை விட்டு இறங்கிவிட வேண்டுமென்று சரக்கு லாரிகள் பிற்பகல் 4 மணிக்கு மேல் நெருக்கியடிக்கும். வளைவில் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றால் இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். அந்தி நேரத்தில் யானைகளும் சாலைப் பக்கம் நகரத் தொடங்கும். ஆகவே பிற்பகல் 3 மணிக்குள் பண்ணாரியைத் தொட்டுவிடுவது போல வையுங்கள்.

அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் இப்படி வரும். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்தவர்கள் அதிகாலை 4.30-க்குக் கிளம்பினால் 5 மணியளவில் பனசங்கரியைத் தாண்டலாம். 6.30-க்கு கனகபுரா. 8 மணிக்கு மளவள்ளி, அங்கே டிபன். சிவனசமுத்திரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினாலும் 10.30-க்குள் கொள்ளேகால், 11.30-க்கு சாம்ராஜ்நகர். 1 மணிக்கு ஆசனூரில் சாப்பாடு. 2 மணிக்குத் திம்பம், 3 மணிக்கு முன்னால் பண்ணாரி. காலையில் ஒரு மணி நேரம் தாமதமானால் அருவியை விட்டுவிடுங்கள். காட்டில் வேகத்தைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முயலாதீர்கள்.

கிளம்பும் முன் வண்டியில்

ஒரு வாரம் முன்னதாகவே பாருங்கள். முந்தின நாள் இரவு பார்த்தால் குறை கண்டுபிடித்தாலும் சரிசெய்ய மெக்கானிக் கிடைக்கமாட்டார்.

முதலில் பிரேக். பேடு தேய்ந்து 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயிலைப் பலர் மறந்தேபோகிறார்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். நகரத்தில் ஓட்டும்போது இது தெரியாது. தொடர்ந்து மலை இறங்கும்போது பிரேக் சூடேறி, ஆயில் கொதித்து, குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சுபோல உள்ளே போகுமே தவிர வண்டி நிற்காது. மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மலையேறும் முன் மாற்றுங்கள். உங்கள் வண்டிக்கு எந்த வகை ஆயில், டாட் 3-ஆ டாட் 4-ஆ என்பது ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

அடுத்து டயர். இந்தியச் சட்டப்படி தடத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மழையில் மலைப்பாதைக்கு அது போதாது, 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் செய்தது. ஆறேழு வருடம் ஆன டயரில் தடம் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். ஐந்து பேரும் சாமான்களும் போகிறதென்றால் அதே ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குக் கொடுத்திருக்கும் அளவைப் பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருந்தால் மட்டும் போதாது, வீட்டு வாசலில் ஒருமுறை ஒரு நட்டைத் தளர்த்திப் பாருங்கள். கடைகளில் மெஷின் வைத்து முறுக்கிய நட்டுகள் கையால் அசையாமல் இருப்பது சாதாரணம்.

வைப்பர், முன்விளக்கு, பின்னால் பிரேக் விளக்கு, ஹாரன், கூலன்ட் ஆகியவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ட்யூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட், 12 வோல்ட் காற்றடிக்கும் மெஷின், எச்சரிக்கை முக்கோணம், டார்ச், இழுவைக் கயிறு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும், ஒரு வேளைக்குத் தாங்கும் புளிச்சோறோ சப்பாத்தியோ இருக்கட்டும். அது பசிக்கு அல்ல, நெரிசலில் மாட்டிக்கொண்டால் உதவுவதற்கு. தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள், தட்டுகள், கப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை.

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். ஆனால் எல்லைச் சாவடியில் சிக்னல் இல்லாமல் போகலாம். முன்கூட்டியே திறந்து போனில் சேமியுங்கள், அல்லது தாளாகவே வையுங்கள். கர்நாடக மதுபாட்டிலோடு எல்லை தாண்டாதீர்கள், சாவடியில் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள்.

சாம்ராஜ்நகர் வரை

கனகபுரா சாலையில் நகரத்தை விட்டு வெளியேறுவதற்குத்தான் பொறுமை வேண்டும். பாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். ஹாரோஹள்ளி தாண்டியதும் சாலை நன்றாக விரியும். வேகம் கூடுகிற இந்த இடத்தில்தான் கவனம் சிதறும். ஊருக்கு ஊர் வேகத்தடை, பக்கத்து மண் சாலையிலிருந்து திடீரென்று திரும்பும் டிராக்டர், எதிர்த்திசையில் ஓரமாக வரும் மொபெட் எல்லாவற்றையும் எதிர்பாருங்கள். சாத்தனூர், ஹலகூரு வழியாக மளவள்ளி. காலை டிபனுக்கு மளவள்ளி வசதி. இட்லி, மசாலா தோசை எங்கும் கிடைக்கும். மத்தூர் பக்கத்தில்தான் என்பதால் மத்தூர் வடையும் கிடைக்கும். மலை வளைவுகளில் வயிறு கலங்குகிறவர்கள் அதை வாங்கிப் பையில் வைத்துவிட்டு இட்லியோடு நிறுத்துவது நல்லது.

மளவள்ளிக்கும் கொள்ளேகாலுக்கும் நடுவே சிவனசமுத்திரம். காவிரி இரண்டாகப் பிரிந்து விழும் இடம்: ஒன்று ககனசுக்கி, மற்றது பரசுக்கி. இரண்டுக்கும் இடையே சாலை வழியாகச் சுற்றிப் போக வேண்டும், ஒரே நாளில் ஒன்று போதும். மளவள்ளியிலிருந்து வருகிறவர்களுக்கு ககனசுக்கிக் காட்சிமேடை முதலில் வரும், கொஞ்ச நேரமே பிடிக்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை தண்ணீர் கொட்டும். ஏப்ரலில் போனால் பெரும்பாலும் பாறைதான். எந்த மாதமானாலும் ஆற்றில் இறங்காதீர்கள். மேலே அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது மட்டம் சட்டென்று உயரும், பாறை வழுக்கும். 1902-ல் இங்கே உண்டான மின்சாரம்தான் கோலார் தங்கவயலுக்குப் போனது. பெங்களூர்த் தமிழர் பலரின் தாத்தாக்கள் இறங்கி வேலை பார்த்த சுரங்கங்கள் அவை. அந்தக் காரணத்துக்காகவே ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டிய இடம் என்பேன்.

கொள்ளேகாலில் ஒரு தவறு நடப்பதுண்டு. மொபைல் வரைபடம் சில நேரம் ஒடெயர்பாளையம், கேர்மாளம் வழியாக ஆசனூருக்குக் குறுக்குவழி காட்டும். தூரம் குறைவுதான். ஆனால் குறுகலான சாலை, ஆள் நடமாட்டம் குறைவு, யானை அதிகம், வண்டி நின்றால் உதவி வர நேரமாகும். முதன்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம். எளந்தூர், சந்தேமரஹள்ளி, சாம்ராஜ்நகர் என்று நெடுஞ்சாலையிலேயே போங்கள். வரைபடத்தில் சாம்ராஜ்நகரை நடுவில் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிட்டால் அது வழி மாற்றாது.

சாம்ராஜ்நகரில் மூன்று வேலைகள். டேங்கை நிரப்புங்கள், சத்தி வரை பெட்ரோல் பங்க்கை நம்ப வேண்டாம். எல்லோரும் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள், காட்டுக்குள் அதற்காக இறங்க முடியாது. அடுத்த ஒன்றரை இரண்டு மணி நேரம் போன் எடுக்காது என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு, வரைபடத்தை இணையம் இல்லாமலே பார்க்கும்படி இறக்கி வையுங்கள். பேச்சுக்குக் கவலை இல்லை, இந்தப் பக்கம் கன்னடம், தமிழ் இரண்டுமே புழங்கும்.

காட்டுக்குள்

சாம்ராஜ்நகரை விட்டதும் பிளிகிரி ரங்கனபெட்டா புலிகள் காப்பகத்தின் ஓரம் தொடங்கும். பலகையில் புணஜனூர் என்றும் நம்மவர்கள் பேச்சில் புளிஞ்சூர் என்றும் வரும் கர்நாடகச் சாவடி, அடுத்து காரப்பள்ளம் தமிழ்நாடு வனத்துறைச் சாவடி, பிறகு ஆசனூர். காரப்பள்ளத்திலிருந்து நீங்கள் 2013-ல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் இருக்கிறீர்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் சேரும் காடு இது. மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் பிளிகிரி மலைக்கும் நடுவே யானைகள் காலங்காலமாக நடக்கும் தடத்தின் குறுக்கே இந்தச் சாலை போகிறது. அவை வழிதவறி ரோட்டுக்கு வந்துவிடவில்லை, தங்கள் வழியில்தான் போகின்றன.

காரப்பள்ளத்தைச் சுற்றி யானை நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாளவாடிப் பக்கமிருந்து ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகள் இந்த வழியாகத்தான் வரும். சிந்திய கரும்பின் ருசி கண்ட யானைகள் லாரிக்காகக் காத்து நிற்கின்றன. ஆகவே முன்னால் கரும்பு லாரி போனால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், 100 மீட்டர் விட்டுப் போங்கள். லாரி திடீரென நின்றால் பின்வாங்க உங்களுக்கு இடம் இருக்க வேண்டும்.

காட்டில் 30 கிலோமீட்டர் வேகம். கண்ணாடியை ஏற்றியே வையுங்கள், பாட்டு வேண்டாம். இடையில் எங்கும் நிறுத்தி இறங்காதீர்கள். ஆசனூர், திம்பம் போன்ற குடியிருப்புகளில் மட்டும் இறங்கலாம். குரங்குக்கு ஒரு பிஸ்கட்கூடப் போடாதீர்கள். ஒருவர் போட்டால் அவை சாலையோரத்திலேயே குடியிருக்கத் தொடங்கி, குட்டியோடு அடுத்த வண்டியில் அடிபடும். பிளாஸ்டிக் உறை எறிந்தால் உப்பு வாசனைக்கு மான் தின்றுவிடும்.

யானை நின்றால்

சாலையில் யானையைக் கண்டதும் வண்டியை 50 மீட்டருக்கு முன்னாலேயே நிறுத்துங்கள், முடிந்தால் 100. இன்ஜினை அணைக்காதீர்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை அடித்துக் காட்டவும் வேண்டாம். குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் இருந்தால் நடுவில் நுழைவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. ஒரு யானை கடந்துபோனதும் கிளம்பிவிடாதீர்கள், கூட்டம் பின்னால் வரும். கடைசி யானை போய் ஓரிரு நிமிடம் கழித்து நகருங்கள்.

காதை அகல விரித்து, தலையை உயர்த்தி, வாலை விறைத்து உங்களைப் பார்த்து நின்றால் அது எச்சரிக்கை. அப்போதே மெல்லப் பின்னால் எடுங்கள். வண்டியைத் திருப்ப முயன்றால் குறுக்கே மாட்டிக்கொள்வீர்கள். இதற்காகத்தான் பின்னால் வரும் வண்டி ஒட்டி நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹசார்ட் விளக்கைப் போட்டால் அவர்களுக்குப் புரியும். எதிர்த்திசையில் வருகிறவர் ஓட்டிக்கொண்டு தப்பிப் போனார் என்பதை வைத்து நீங்களும் போகாதீர்கள். அந்த வண்டியால் சீண்டப்பட்ட யானை அடுத்ததாகப் பார்ப்பது உங்களைத்தான். பைக்கில் வருகிறவர்கள் தனியாக முன்னேறாமல் ஒரு பஸ்ஸுக்கோ காருக்கோ பின்னால் போவது நல்லது.

27 வளைவுகள்

திம்பத்தில் ஒரு டீ குடியுங்கள். ஓட்டுகிறவருக்குப் பத்து நிமிட ஓய்வு, பிரேக்குக்கும் ஓய்வு. இங்கிருந்து பண்ணாரி வரை பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் இறக்கம். வளைவுகளுக்கு எண் பலகை உண்டு. எண்ணிக்கை பண்ணாரியிலிருந்து தொடங்குவதால் இறங்குகிற உங்களுக்கு 27 முதலில் வரும். வண்டி நின்றுபோனால் உதவிக்கு அழைக்கும்போது இந்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

எந்த கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது லாரி ஓட்டுநர்களின் பழைய விதி, காருக்கும் அதுவே. நேரான துண்டுகளில் இரண்டாம் கியர், கொண்டை ஊசியில் தேவைப்பட்டால் முதல் கியர். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து கியர் மாற்றிவிடுங்கள். வளைவுக்குள் கிளட்சை மிதித்தால் இன்ஜினின் பிடி விட்டு வண்டி தானாக வேகமெடுக்கும். பிரேக்கைக் கால் வைத்தபடியே தேய்க்காமல், ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து விடுங்கள். அப்போதுதான் இடையில் சூடு ஆறும். ஆட்டோமேட்டிக் வண்டியில் டி-யிலேயே விட்டுவிடாமல் எல், 2, அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும், இன்ஜினை அணைப்பதும் உயிரோடு விளையாடுவது. இன்ஜின் நின்றால் ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாக இறுகும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

கருகிய வாடை வந்தால் பிரேக் சூடேறிவிட்டது என்று அர்த்தம். வளைவில் நிற்காமல், முதல் கியரில் மெல்ல இறங்கி அகலமான நேர் இடத்தில் ஒதுக்குங்கள். கியரில் போட்டு நிறுத்தி, வண்டிக்குள்ளேயே அரை மணி நேரம் உட்காருங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வளைந்துபோகும், விரிசலும் விடலாம்.

ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, சட்டமும் அதுவே. சுமையோடு ஏறும் லாரி வளைவில் நின்றால் மறுபடி கிளம்புவது கடினம். நீளமான லாரிக்கு வளைவின் முழு அகலமும் தேவைப்படும், உங்கள் பக்கத்துக்கு வந்தே திரும்பும். ஆகவே ஒவ்வொரு வளைவுக்கும் 20 மீட்டர் முன்னாலேயே எதிரே யார் வருகிறார்கள் என்று பார்த்து, லாரி என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். சின்ன ஹாரன் ஒன்று, காத்திருப்பு, பிறகு போவது. நெரிசலில் வரிசையை விட்டு வலப்பக்கம் முந்திப் போகிற ஒரு கார்தான் மலைப்பாதையையே பூட்டிவிடுகிறது. அந்தக் கார் உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் எடுக்க இறங்காதீர்கள். அந்தச் சுவர்களில் சிறுத்தை படுத்திருப்பதைப் பஸ் ஓட்டுநர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். வண்டி பழுதாகி டயருக்குக் கல் முட்டுக்கொடுத்தால் கிளம்பும்போது கல்லை ஓரத்தில் தள்ளிவிட்டுப் போங்கள். இருட்டில் வரும் பைக்காரர் அதில்தான் விழுவார்.

குமட்டல் வருகிறவர்களை முன் இருக்கையில் உட்காரவைத்து, போனைப் பார்க்காமல் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் சொன்ன மாத்திரை இருந்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே, அதாவது ஆசனூரிலேயே போட வேண்டும். வளைவு தொடங்கிய பிறகு போட்டால் வேலை செய்யாது.

எந்த மாதம்

ஆகஸ்டும் செப்டம்பரும் அருமை: அருவியில் தண்ணீர், காட்டில் பச்சை, மழையும் அளவாக. டிசம்பர், ஜனவரியில் காலை நேரம் திம்பத்தில் பனிமூட்டம் இறங்கும். டிம் லைட் போட்டு ஓட்டுங்கள், பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் மரம் விழும், மண் சரியும், கனமழை அறிவிப்பு இருந்தால் தள்ளிப்போடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடு காய்ந்து கிடக்கும். ஒரு சிகரெட் துண்டு மலையையே எரிக்கும் காலம் அது. பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். கோயிலுக்குப் போவதென்றால் பஸ்ஸில் போங்கள். ஊர்சுற்ற என்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

திரும்பும்போது

பண்ணாரியிலிருந்து சத்தி 12 கிலோமீட்டர், கோவை அங்கிருந்து இன்னும் 70-க்குள். ஊரிலிருந்து இதே வழியாகத் திரும்புவதென்றால் காலை 7, 8 மணிக்கெல்லாம் பண்ணாரியில் இருங்கள். 6 மணிக்குக் கதவு திறந்ததும் இரவெல்லாம் காத்திருந்த லாரிகள் வரிசையாக ஏறும், முதல் ஒரு மணி நேரம் அவற்றுக்கு விட்டுவிடுவது நிம்மதி. ஏற்றத்தில் வெப்பமானி முள்ளைப் பாருங்கள். மேலே போனால் ஏ.சி.யை அணைத்து, அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள், ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். மின்சாரக் கார் என்றால் ஏற்றத்துக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சார்ஜ் இறங்கும், கோவையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சாம்ராஜ்நகருக்குப் பகல் 11 மணிக்கு வந்துவிட்டால் பெங்களூரின் மாலை நெரிசல் தொடங்கும் முன் கனகபுரா சாலைக்குள் நுழைந்துவிடலாம்.